செல்லுக்குள் செய்தி – 11: ‘தவறான’ துணையலகு

1987 ஜனவரி. இரண்டு வார இடைவெளியில் உலகின் இரு பெரிய அறிவியல் இதழ்களில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர்கள் ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். ‘நேச்சர்’ இதழில் எழுதியது பாஸ்டனின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக் குழு. வேகஸ் நரம்பு கட்டளையிட்டதும் இதயத் துடிப்பு தணிகிறதே, அந்தக் கட்டளையை இதயச் செல்லின் சவ்வில் நிறைவேற்றி வைப்பது யார் என்பது இரண்டுக்கும் பொதுவான கேள்வி. ஜி புரதம்தான் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் புரதத்தின் எந்தத் துணையலகு என்பதில்தான் மோதல். அது தீர ஏழு ஆண்டுகள் பிடித்தன.

முந்தைய இதழ்களைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்விட்டு வருவோம். ஹார்மோன்களில் பல செல்லுக்குள் நுழைவதே இல்லை. சவ்வின் வெளிமுகத்தில் உள்ள ஏற்பியில் வந்து அமர்கின்றன. உள்ளே அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதி சைக்ளிக் ஏஎம்பி தயாரிக்கத் தொடங்குகிறது. ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் வாதிட்டவர், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மார்ட்டின் ராட்பெல். அதற்குக் குவனோசின் முப்பாஸ்பேட் தேவை என்பதையும் எலியின் கல்லீரல் சவ்வில் அவர் குழுவே கண்டது. அந்த மூன்றாவதை, அதாவது ஜி புரதத்தை, தனியே பிரித்தெடுத்தவர் ஆல்ஃபிரட் கில்மன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு 1980-ல் முயலின் கல்லீரலிலிருந்து அதைச் சுத்தமாக வடித்துக் காட்டியது. சைக்ளேஸைத் தூண்டும் இந்த வகைக்குப் பின்னாளில் ஜிஎஸ் என்று பெயர் வந்தது.

பிரித்துப் பார்த்தபோது அது ஒரே புரதம் அல்ல என்று தெரிந்தது. ஏறத்தாழ 45,000 டால்டன் எடையில் ஆல்ஃபா, 35,000 டால்டனில் பீட்டா. காமா முதலில் யார் கண்ணிலும் படவில்லை. அது வெறும் 8,000 டால்டன் அளவிலான பொடியன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், சாயத்தோடு சாயமாக ஓடி அடிப்பக்கம் போய்விடும். 1980-களின் நடுவில்தான் அதற்கு உரிய மதிப்பு கிடைத்தது. பீட்டாவும் காமாவும் செல்லுக்குள் பிரிவதே இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்து பீட்டா-காமா என்றே எழுதுவது வழக்கமாயிற்று.

இவை எப்படி வேலை செய்கின்றன? ஓய்வு நிலையில் ஆல்ஃபா, குவனோசின் இருபாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு பீட்டா-காமாவோடு ஒட்டியிருக்கிறது. ஏற்பி தூண்டப்பட்டதும் ஆல்ஃபாவின் பிடி தளர்கிறது, இருபாஸ்பேட் நழுவுகிறது. செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் முப்பாஸ்பேட் காலியான இடத்தில் ஏறிக்கொள்கிறது. உடனே ஆல்ஃபாவின் வடிவம் மாறி, பீட்டா-காமாவை விட்டு விலகுகிறது. விலகிய ஆல்ஃபா போய் நொதியைத் தூண்டுகிறது. சற்று நேரத்தில், தன் பிடியில் உள்ள முப்பாஸ்பேட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டை ஆல்ஃபாவே வெட்டிவிடுகிறது. மறுபடி இருபாஸ்பேட், மறுபடி பீட்டா-காமாவோடு சேர்க்கை, மறுபடி ஓய்வு. ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் டான் காசெலும் ஸ்வி செலிங்கரும் 1976-ல் வான்கோழியின் சிவப்பணுச் சவ்வில் இந்த வெட்டும் வேலையைக் கண்டார்கள். காலரா நஞ்சு தடுப்பது இதைத்தான் என்று மறு ஆண்டே காட்டினார்கள். வெட்டு நின்றுபோனால் ஆல்ஃபா அணைவதில்லை. குடல் செல்கள் உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியேற்றுகின்றன. 1959-ல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே முயலின் குடலில் நிரூபித்த அந்த நஞ்சு, இவ்வாறு ஆல்ஃபாவின் புகழைக் கூட்டியது.

ஆல்ஃபாவின் புகழுக்கு வேறு ஆதாரங்களும் இருந்தன. விழித்திரையில் ஒளியின் செய்தியைக் கடத்தும் ட்ரான்ஸ்டியூசின் என்ற ஜி புரதத்தை ஸ்டான்ஃபோர்டில் லூபர்ட் ஸ்ட்ரையரின் குழு 1980-களின் தொடக்கத்தில் பிரித்து ஆராய்ந்தது. அங்கும் முப்பாஸ்பேட் ஏறிய ஆல்ஃபாதான் அடுத்த நொதியை முடுக்கியது. ஏற்பியை அடையாளம் காண்பது, முப்பாஸ்பேட்டைப் பிடிப்பது, வெட்டுவது, நொதியைத் தூண்டுவது எல்லாமே ஆல்ஃபாவின் பொறுப்பு என்றால் பீட்டா-காமாவுக்கு என்ன மிச்சம்? ஆல்ஃபாவைச் சவ்வோடு சேர்த்து வைப்பது, வேலை முடிந்து வந்ததும் சேர்த்துக்கொண்டு அடக்குவது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்கு உள்ள வேலை: பக்கத்தில் நிற்கலாம், மாலையைப் பிடிக்கலாம், தாலி கட்ட முடியாது.

இந்தப் படத்தில் சில விரிசல்கள் அப்போதே தெரிந்தன. சைக்ளேஸை அடக்கும் இன்னொரு ஜி புரதம் உண்டு. அதற்கு ஜிஐ என்று பெயர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மிச்சியோ உய், தோஷியாகி கதாதா இருவரும் கக்குவான் இருமல் நுண்ணுயிரின் நஞ்சைக் கொண்டு அதைப் பிடித்தார்கள். அது எப்படி அடக்குகிறது என்ற கேள்விக்கு, அதிலிருந்து வெளிப்படும் பீட்டா-காமா, ஜிஎஸ்ஸின் ஆல்ஃபாவைப் போய்க் கட்டிப்போடுகிறது என்று ஒரு விளக்கம் 1984-ல் வந்தது. கதாதா அப்போது கில்மனோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அழகான விளக்கம்தான். ஆனால் ஜிஎஸ்ஸின் ஆல்ஃபாவே இல்லாத, சைக்-மைனஸ் எனப்பட்ட எலிப் புற்றுச் செல்களிலும் அந்த அடக்குதல் நடந்தது. கட்டிப்போட ஆள் இல்லாத இடத்தில் யாரைக் கட்டிப்போட்டது? எப்படியிருந்தாலும் இந்த விளக்கத்திலும் பீட்டா-காமா செய்தது அதே அடக்கும் வேலைதான். அது நேரடியாகப் போய் எதையேனும் தூண்டும் என்று சொல்ல யாரும் துணியவில்லை.

இப்போது இதயத்துக்கு வருவோம். 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனையை இத்தொடரின் தொடக்கத்திலேயே பார்த்தோம். வேகஸ் நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் சுரக்கிறது; இதய மேலறைச் செல்லில் பொட்டாசியம் கால்வாய்கள் திறக்கின்றன; பொட்டாசியம் வெளியேற, செல் சோம்பிவிடுகிறது, துடிப்பு மெதுவாகிறது. ஏற்பிக்கும் கால்வாய்க்கும் நடுவே சைக்ளிக் ஏஎம்பி போன்ற தூதுவன் எவனும் இருப்பதாகத் தெரியவில்லை. 1980-களின் நடுவில் ஜப்பானில் அகினோரி நோமாவும் சகாக்களும் இதைத் தெளிவாக்கினார்கள். கண்ணாடிக் குழாயின் நுண்ணிய முனையைச் செல்லின் மேல் வைத்து உறிஞ்சினால் சவ்வின் ஒரு சிறு வட்டம் மட்டும் முனைக்குள் அகப்படும். பேட்ச் கிளாம்ப் என்ற இந்த முறை எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கியது. குழாய்க்குள் அசிட்டைல்கோலின் இருந்தால் அந்த வட்டத்தில் உள்ள கால்வாய் திறந்தது. செல்லின் மற்ற பகுதியைச் சுற்றி ஊற்றினால் திறக்கவில்லை. ஆகவே செய்தி செல்லுக்குள் மிதந்து போகவில்லை. சவ்விலேயே, பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. 1985-ல் இரண்டு குழுக்கள், இடையில் இருப்பது ஜி புரதம் என்று காட்டின. கக்குவான் நஞ்சைக் கொடுத்தால் செய்தி அறுந்துபோனது.

அப்படியானால் சோதனை எளிது. சவ்வின் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்து, அதன் உட்புறம் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, தூய்மையாக்கிய துணையலகுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் விட்டுப் பார்த்தால் போதும். எளிது என்று எழுதுவது எளிது. தூய்மையான துணையலகுகளுக்கு எங்கே போவது?

ஈவா நீர் அந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறார். பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர். மாட்டு மூளையிலிருந்து ஜி புரதங்களை வடித்தெடுப்பதில் கைதேர்ந்தவர். மூளைச் சவ்வுப் புரதத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் ஜிஓ என்ற ஒரே வகை ஜி புரதம் என்பதால் கல்லீரலில் தேடுவதை விட மூளையில் அள்ளுவது லாபம். அதே வளாகத்தில் டேவிட் கிளாப்பம், பேட்ச் கிளாம்ப் நிபுணர். அவரிடம் டயோமெடிஸ் லோகோதெடிஸ் என்ற ஆய்வு மாணவர். ஜப்பானிலிருந்து வந்த யோஷிஹிசா குராச்சி, கோழிக்குஞ்சுக் கருவின் இதயச் செல்களை வளர்க்கத் தெரிந்த ஜோனஸ் கால்ப்பர். இந்த ஐவர் கூட்டணி, கோழிக்கரு இதயச் சவ்வின் மேல் நீரின் புரதங்களை விட்டுப் பார்த்தது. ஆல்ஃபாவை விட்டார்கள், கால்வாய் அசையவில்லை. பீட்டா-காமாவை விட்டார்கள், திறந்துகொண்டது.

‘நேச்சர்’ இதழ் அந்தக் கட்டுரையோடு ஹென்றி போர்னின் விமர்சனக் குறிப்பையும் வெளியிட்டது. சைக்-மைனஸ் செல்களைத் தேர்ந்தெடுத்த சான்ஃபிரான்சிஸ்கோக்காரர் அதே போர்ன்தான். ‘தவறான’ துணையலகு கால்வாயை இயக்குகிறது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தவறான என்ற சொல்லுக்கு மேற்கோள் குறி போட்டிருந்தார். இந்த அத்தியாயத்தின் தலைப்பு அவரிடம் கடன் வாங்கியது.

ஹூஸ்டனில் இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். லூட்ஸ் பிர்ன்பாமர் ராட்பெல்லின் பழைய சகா. அந்தக் கல்லீரல் சவ்வுச் சோதனைகளின் காலத்திலிருந்தே இந்தத் துறையில் இருப்பவர். அவரோடு ஆர்தர் பிரவுன், அட்சுகோ யதானி, ஹுவான் கோடினா. மனித சிவப்பணுக்களிலிருந்து அவர்கள் ஒரு ஜி புரதத்தை வடித்து, வெட்ட முடியாத ஒரு போலி முப்பாஸ்பேட்டை ஏற்றி, கினிப் பன்றியின் மேலறைச் சவ்வில் விட்டார்கள். கால்வாய் திறந்தது. ஜனவரிக் கட்டுரை சொன்னது அது. அதே ஆண்டு ஏப்ரலில் அடுத்த கட்டுரை: திறந்தது ஆல்ஃபாதான், அதுவும் மிக மிகக் குறைந்த செறிவிலேயே. பீட்டா-காமா எங்கள் கையில் எதையும் திறக்கவில்லை.

அடுத்து வந்தது சோப்புச் சண்டை. சவ்வுப் புரதங்களைக் கரைத்து வைக்க ஒரு வகைச் சோப்பு தேவை. பாஸ்டன் புரதத்தோடு ஒட்டி வந்த சோப்புதான் கால்வாயைத் திறந்தது என்றது ஹூஸ்டன். பாஸ்டன் பக்கமும் சும்மா இருக்கவில்லை. பீட்டா-காமாவைக் கொதிக்க வைத்துவிட்டால் வேலை செய்யவில்லை, வெறும் சோப்பு வேலை செய்யவில்லை, இருபாஸ்பேட் பிடித்த ஓய்வு ஆல்ஃபாவை மிகுதியாகக் கலந்து பீட்டா-காமாவை மூழ்கடித்தாலும் வேலை செய்யவில்லை என்று அடுத்த சில ஆண்டுகளில் அவர்களும், பின்னர் குராச்சியின் குழுவும் காட்டினார்கள். என் கணிப்பில் இந்தக் கடைசிச் சோதனையோடு சோப்பு வாதம் முடிந்திருக்க வேண்டும். ஓய்வு ஆல்ஃபா பீட்டா-காமாவைப் பிடிக்கும். சோப்பை எதற்குப் பிடிக்கப் போகிறது? ஆனாலும் முடியவில்லை. துறையில் பெரும்பாலோர் ‘பொறுத்திருந்து பார்க்கலாம்’ என்ற நிலையிலேயே இருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சோப்பை விட வலுவான ஒரு மறுப்பு எஞ்சி நின்றது. பல வகை ஜி புரதங்களுக்கு ஆல்ஃபா மட்டும்தான் வேறு. பீட்டா-காமா கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தாலும் வேலை நடந்தது. அப்படியிருக்க, அட்ரினலின் வந்து ஜிஎஸ்ஸைத் தூண்டும்போதும் பீட்டா-காமா விடுபடத்தானே செய்யும்? அது போய்ப் பொட்டாசியம் கால்வாயைத் திறந்தால் இதயம் மெதுவாக வேண்டும். அட்ரினலின் இதயத்தை வேகப்படுத்துகிறது என்பது மாடிப்படி ஏறி ஓடிய எவருக்கும் தெரியும். எல்லா ஏற்பிகளும் ஒரே சில்லறையைத்தான் வெளியே விடுகின்றன என்றால், எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? பாஸ்டன் குழுவிடம் அன்று இதற்குப் பதில் இல்லை. போதாக்குறைக்கு 1989-ல், பீட்டா-காமா நேரடியாக அல்ல, பாஸ்போலைபேஸ் ஏ2 என்ற நொதியின் வழியாகத் திறக்கிறது என்று அவர்களே எழுதினார்கள். அந்த வழி பின்னால் கைவிடப்பட்டது.

உதவி வந்தது யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து: ரொட்டி ஈஸ்ட். ஈஸ்டில் இரண்டு பால்கள் உண்டு. ஒன்று விடும் வேதிப்பொருளை மற்றது தன் ஏற்பியால் உணர்ந்து, வளர்வதை நிறுத்திவிட்டுக் கூடலுக்குத் தயாராகும். இடையில் இருப்பது ஜி புரதம். ஆல்ஃபாவின் மரபணுவை நீக்கினால் செய்தி அறுந்துபோக வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. வேதிப்பொருள் எதுவும் இல்லாமலேயே ஈஸ்ட் கூடலுக்குத் தயாராகி நின்றது. 1989-ல் மால்கம் வைட்வேயும் சகாக்களும், கூடல் திறன் இழந்த ஈஸ்ட்களில் பழுதாகியிருந்த இரண்டு மரபணுக்கள் பீட்டாவுக்கும் காமாவுக்கும் உரியவை என்று ‘செல்’ இதழில் காட்டினார்கள். அவை இல்லையேல் செய்தியே இல்லை. ஈஸ்டில் செய்தியைக் கொண்டு போவது பீட்டா-காமா. ஆல்ஃபா அதை அடக்கி வைக்கிறது. இங்கே சோப்பும் இல்லை, கண்ணாடிக் குழாயும் இல்லை. மரபணுவை எடுத்தால் என்ன ஆகிறது என்ற ஒற்றைக் கேள்விதான். ஹூஸ்டனும் பாஸ்டனும் எறிந்துகொண்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் விட இந்த ஈஸ்ட் கட்டுரை அதிகம் பேரை மாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு கதவு தாராளமாகத் திறந்தது. 1991-ல் வெய்-ஜென் டாங், கில்மன் இருவரும் சைக்ளேஸிலேயே பல வகைகள் உண்டு, பீட்டா-காமா ஒரு வகையை அடக்கும், இன்னொரு வகையை ஊக்கும் என்று காட்டினார்கள். ஆல்ஃபாவை அரியணை ஏற்றிய அதே ஆய்வுக்கூடம்! கில்மன் அப்போது டல்லாஸுக்கு இடம் மாறியிருந்தார். 1992-ல் பாஸ்போலைபேஸ் சி நொதியின் ஒரு வகையும் பீட்டா-காமாவுக்குக் கட்டுப்பட்டது தெரிந்தது. அதே ஆண்டு ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழு, ஏற்பியை மௌனமாக்கும் ஒரு நொதியைச் சவ்வுக்கு அழைத்து வருவதும் பீட்டா-காமாதான் என்று சொன்னது.

இதயக் கால்வாயின் வழக்கு 1993-94-ல் தீர்ந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் லிலி ஜான், யூ நுங் ஜான் தம்பதியின் ஆய்வுக்கூடமும், தனியே நாதன் டாஸ்கலும் சகாக்களும் அந்தக் கால்வாயின் மரபணுவைப் பிடித்தார்கள். இனி இதயச் சவ்வு தேவையில்லை. தவளை முட்டைக்குள் கால்வாயையும் துணையலகுகளையும் வேண்டிய சேர்க்கையில் உண்டாக்கிப் பார்க்கலாம். சுத்திகரிப்பும் இல்லை, மாசும் இல்லை. ஜான் தம்பதியின் குழுவும், மேயோ கிளினிக்குக்குப் போயிருந்த கிளாப்பமின் குழுவும் 1994-ல் வெளியிட்ட முடிவுகள் ஒரே மாதிரி இருந்தன. பீட்டா-காமா திறக்கிறது. ஆல்ஃபா திறக்கவில்லை. மறு ஆண்டு, இதயக் கால்வாய் இரண்டு வகைப் புரதங்களால் ஆனது என்றும், பீட்டா-காமா அதை நேரடியாகவே தொடுகிறது என்றும் கிளாப்பமின் குழு காட்டியது.

அதே 1994-ன் இலையுதிர் காலத்தில் ஜி புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு நியாயமானது.

அட்ரினலின் கேள்வி என்ன ஆயிற்று? முழு விடை இன்றும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது; ஆனால் பெரும்பகுதி தெரியும். கால்வாய் திறக்கப் பல பீட்டா-காமாக்கள் ஒரே நேரத்தில் வேண்டும். செல்லில் ஜிஐ, ஜிஓ வகைகள் ஜிஎஸ்ஸை விட மிகுதி. வேண்டிய அளவு பீட்டா-காமாவை அவற்றால்தான் எளிதில் கொட்ட முடியும். அதோடு, ஏற்பியும் ஜிஐ-யும் கால்வாயும் சவ்வில் தள்ளித் தள்ளி அல்ல, நெருங்கியே இருப்பதாகப் பல சோதனைகள் சொல்கின்றன. இந்த நெருக்கத்தில் ஆல்ஃபாவுக்கும் பங்கு உண்டு, அது கால்வாயோடு ஒட்டக்கூடியது. ஆகவே ஆல்ஃபாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஹூஸ்டன், திறப்பவர் யார் என்பதில் தோற்றது. ஆனால் அவர்கள் பக்கம் எழுப்பிய ‘செய்தி எப்படிக் குழம்பாமல் போகிறது’ என்ற கேள்வி, அந்தச் சண்டையில் கேட்கப்பட்டவற்றிலேயே நல்ல கேள்வி.

1990-களின் நடுவில் படிக ஆய்வுகள் பீட்டாவின் உருவத்தைக் காட்டின: ஏழு இதழ்கள் கொண்ட காற்றாடி போன்ற வளையம், அதன் ஓரமாக நீண்டு படுத்திருக்கும் காமா. ஆல்ஃபா வந்து ஒட்டும் முகமும், கால்வாயையும் நொதிகளையும் தொடும் முகமும் பெருமளவு ஒன்றேதான். ஆல்ஃபா ஒட்டியிருக்கும் வரை அந்த முகம் மறைந்திருக்கிறது. அதனால்தான் ஓய்வு ஆல்ஃபாவைக் கலந்தபோது கால்வாய் மூடிக்கொண்டது. 2013-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மேத்யூ வார்ட்டனும் ராடெரிக் மெக்கின்னனும் மூளை வகைக் கால்வாய் ஒன்றைப் பீட்டா-காமாவோடு சேர்த்தே படிகமாக்கினார்கள். ஒரு கால்வாய்க்கு நான்கு பீட்டா-காமா. 1987-ல் கேட்ட கேள்விக்கு அணு அளவில் கிடைத்த படம் அது. ஈவா நீர் அதைப் பார்க்கவில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

இன்று மனிதனுக்கு 16 ஆல்ஃபா மரபணுக்கள், 5 பீட்டா, 12 காமா என்று கணக்கிடுகிறார்கள். மார்ஃபின் வலியைத் தணிப்பதில் ஒரு பகுதி, நரம்புச் செல்லில் இதே குடும்பத்துப் பொட்டாசியம் கால்வாயை பீட்டா-காமா திறப்பதாலும், கால்சியம் கால்வாயை அது அடக்குவதாலும் வருகிறது. பழைய பாடநூல்களில் பீட்டா-காமாவை வெறும் நங்கூரமாக வரைந்த படங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மருத்துவம் படிக்கும் வாசகர்கள் தங்கள் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, அப்படி இருந்தால் பென்சிலால் ஓர் அம்புக்குறியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் சவ்வின் வெளிமுகத்துக்குப் போவோம்: லெஃப்கோவிட்ஸும் பிரயன் கோபில்காவும் ஏற்பியைத் துரத்திய கதை.